ஐந்து எழுத்து மிஞ்சிய டிரம்

துறைமுகத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருக்கிறார். போன மாதம் தன் கைபேசியை என்னிடம் காட்டினார். இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால், அந்த எழுத்துகள் வருகிற சொற்களெல்லாம் மளமளவென்று கொட்டுகின்றன. "இதைத்தானே சார் அந்தக் காலத்துல நீங்க சம்பளம் வாங்கிக்கிட்டு செஞ்சீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. "எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்க சார், எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். அவருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கண்டெய்னர் வருவதற்கு முந்தைய காலம். கப்பலிலிருந்து சரக்கு மூட்டையாக, மரப்பெட்டியாக, டிரம்மாகத் தனித்தனியே இறங்கும். உள்ளே என்ன, யாருக்குப் போகிறது என்பதைத் தகட்டில் வெட்டிய எழுத்து வழியாக ஒவ்வொன்றின் மேலும் மையால் குறித்து அனுப்புவார்கள். அந்தக் குறியை வைத்துத்தான் நாங்கள் சரக்கைப் பிரிப்போம். ஆனால் கப்பலின் வயிற்றுக்குள் வாரக்கணக்கில் ஒன்றோடொன்று உரசி, உப்புத் தண்ணீரில் ஊறி, கொக்கி கிழித்து வந்து சேரும்போது சிலவற்றில் பாதி எழுத்துதான் மிச்சமிருக்கும். அவற்றை எங்கள் ஷெட்டின் வடக்கு ஓரத்தில் ஒதுக்குவார்கள். கூலியாட்கள் அதற்கு 'ஊமைச் சரக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஊமைகளைப் பேச வைப்பது என் வேலை.

நான் திருவொற்றியூர்க்காரன். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு துறைமுகத்தில் ரைட்டராகச் சேர்ந்தேன். ரைட்டர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிறவனுக்கு அங்கே அந்தப் பெயர். முதல் சில வருடங்கள் வெயிலில் நின்று கோடு போட்டேன் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாட்களில் எனக்குப் பிடித்தது சாயங்கால பஸ்தான். ராயபுரத்தில் மீன் கூடைகளோடு பெண்கள் ஏறுவார்கள். கூடைக்கு டிக்கெட் கேட்டு கண்டக்டர் தொடங்கும் சண்டை, டோல்கேட் தாண்டியும் ஓயாது. கடைசியில் கண்டக்டருக்கே ஒரு சங்கரா மீனை ஓலையில் சுற்றிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

ஒரு நாள் மதியம் டீக்கடையில் நின்றுகொண்டு, எதிரே கட்டியிருந்த கப்பலின் பெயரிலுள்ள எழுத்துகளை வைத்து எத்தனை ஆங்கில வார்த்தை சேர்க்கலாம் என்று மற்ற ரைட்டர்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் களைத்த பிறகும் நான் சொல்லிக்கொண்டே போனேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அப்புறம்?" என்றது. திரும்பினால் ஷெட் மாஸ்டர் அருளப்பன். அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு என் வாழ்நாளில் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல முடியாது. மறு வாரமே ஊமைச் சரக்குக்கு என்னை மாற்றிக்கொண்டார்.

அருளப்பன் சார் ராயபுரத்துக் கிறிஸ்தவர். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக ஷெட்டுக்கு வருவார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. சட்டைப் பையில் எஃகு ஸ்கேல் ஒன்று எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். கத்திப் பேசவே மாட்டார். கிரேன் சத்தத்துக்கு நடுவிலும் அவர் பேசுகிற குரல் கோயிலில் பேசுகிற குரல்தான். அதனால் அவர் வாயைத் திறந்தால் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அவருடைய முறை இது. முதலில் குறி இருந்த இடத்தை ஈரக் கையால் துடைக்க வேண்டும். ஈரம் பட்டதும், கண்ணுக்குத் தெரியாமல் போன மை சில சமயம் ஒரு நொடி மேலே வந்து காட்டிவிட்டு மறையும். வராவிட்டால் சாக்பீஸ் தூளைத் தடவி ஊத வேண்டும். பிறகு தெரிகிற எழுத்துகளை, இருக்கிற இடைவெளியோடு, பலகையில் அப்படியே எழுத வேண்டும். நாமாக ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் வார்த்தை தேடுவது.

"முதல்ல வர்ற வார்த்தைய நம்பாதப்பா. அது உன் நாக்குல ஏற்கெனவே உக்காந்திருந்தது. பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அந்த எழுத்து வர்ற எல்லா வார்த்தையையும் உள்ள கூப்பிடு. எல்லாரும் வந்த பிறகு ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பு. கடைசியில யார் போக மாட்டேன்னு நிக்கறாரோ அவர்தான்" என்பார்.

முதல் வாரம் ஒரு மரப்பெட்டி வந்தது. நடுவில் EAR என்று மூன்று எழுத்து. முன்னும் பின்னும் ஒவ்வோர் எழுத்துக்கு மட்டும் இடம். நான் உடனே GEARS என்றேன். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பல்சக்கரம் வராத நாளில்லை.

"அப்புறம்?"

"PEARL, சார்."

"அப்புறம்?"

YEARS, BEARD, LEARN, TEARS என்று சொல்லிக்கொண்டே போய் HEART என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. "யார் சார் இதயத்தைப் பெட்டியில வெச்சு ஆணியடிச்சு அனுப்பப் போறாங்க?" என்றேன்.

"அனுப்பறவங்க இருக்காங்கப்பா. ஆனா கப்பல்ல அனுப்ப மாட்டாங்க" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் வேடிக்கை பேசுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பெட்டியில் இருந்தது பல்சக்கரம்தான். ஆனால் நான் முதலில் சொன்னது சரி என்று ஒருபோதும் அவர் சொல்லவில்லை. எடை, அளவு, எழுத்தின் அகலம் எல்லாம் பார்த்து மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பிய பிறகு, "ம்" என்றார். அவரிடம் அதிகபட்சப் பாராட்டு அந்த 'ம்'.

அப்படிச் சில வருடங்கள் போயின. அந்த ஓரம் எனக்கு ஊரில் இல்லாத இன்பமாக இருந்தது. காலையில் வந்ததும் சணல், தார், தேயிலை எல்லாம் கலந்த ஒரு வாசனை அடிக்கும். கடல் பக்கக் கதவைத் திறந்தால் வெயில் சாய்வாக உள்ளே விழும். நானும் சாரும் ஒரு பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மறு உலகத்தோடு பேசுகிறவர்கள் மாதிரி எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டிருப்போம். போகிற கூலியாட்கள், "இன்னா ரைட்டரு, ஊமை பேசிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இனி அந்த டிரம்மைப் பற்றிச் சொல்கிறேன்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குடிக்கப் பெர்மிட் இல்லாதவர்கள் வார்னீஷையும் பெயின்டில் கலக்கும் தின்னரையும் குடித்து, கண் போய், உயிர் போய்க்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் ஒரு கூலியாள் தலைசுற்றி விழுந்தால் எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும்.

ஒரு கப்பல் புறப்பட்டுப் போன பிறகு, கணக்கில் சேராத கறுப்பு இரும்பு டிரம் ஒன்று எங்கள் தளத்தில் நின்றது. வேறு துறைமுகத்துச் சரக்கு தவறி இங்கே இறங்கியிருக்க வேண்டும். அதற்கு எந்தக் காகிதமும் இல்லை. கப்பல் ஏஜெண்டுக்கும் தெரியவில்லை. மேல்மூடிப் பக்கம் கசிந்து, வழிந்த திரவம் வெள்ளை எழுத்துகளை இரண்டு பக்கமும் அரித்துவிட்டிருந்தது. அதை ஊமைச் சரக்கில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஷெட்டில் லேசாகப் பூண்டு வாசனை அடித்தது. யாரோ சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை, கசிவு அதிகமானதால் டிரம்மை வெளித் திண்டுக்கு நகர்த்த ஏழுமலையும் காதரும் வந்தார்கள். ஏழுமலை கொருக்குப்பேட்டை ஆள். நல்ல உடல்வாகு. பாடிக்கொண்டே மூட்டை தூக்குவான். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் குடிப்பான் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காதர் வண்ணாரப்பேட்டைக்காரர், வயதில் மூத்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். ஐந்து வேளை தொழுகையை விடாதவர். டிரம்மை உருட்டும்போது அது சாய, ஏழுமலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். அவன் சட்டை நனைந்துவிட்டது. காதருக்குக் கை மட்டும் ஈரம். வேட்டியில் துடைத்துக்கொண்டார். டிரம்மைக் கதவுக்கு உள்பக்கமே நிமிர்த்தி வைத்தார்கள்.

சிறிது நேரத்தில் ஏழுமலை தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். உடம்பெல்லாம் வியர்வை. வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது. "கண்ணு மங்குது மாமு" என்று காதரின் தோளைத் தேடினான். இமைகள் தாமாகத் துடித்தன. காதரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாரி ஒன்றில் ஏற்றி இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

கேட்டில் நின்ற போலீஸ்காரர் வந்து டிரம்மை எட்டிப் பார்த்தார். தேய்ந்த எழுத்துகளைப் படித்தார். "செக்‌ஷன்னு போட்டிருக்கே. ஏதோ ஆபீஸோட பெயின்ட் செக்‌ஷனுக்கு வந்த தின்னரு. தொறந்து ஊத்திக்கினு இருக்கானுங்க. தினம் பாக்கற கேசுதான் சார்" என்றார்.

உண்மையில் எழுத்தும் அப்படித்தான் இருந்தது. S, E, C, T, I. அதற்கடுத்து ஒரு வளைவு மட்டும். SECTION என்று படிக்காமல் இருக்கவே முடியாது.

அப்போது சாரின் மேஜையில் இருந்த தொலைபேசி மணி அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர். சார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தார்.

"போலீஸ் குடிச்ச கேஸ்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியலை. கண் பாப்பா ரெண்டும் குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கு. ஒரு மருந்து கொஞ்சமா போட்டிருக்கேன். இன்னும் நிறையப் போடணும்னா, என்ன பட்டதுன்னு எனக்குத் தெரியணும். தப்பா இருந்தா அந்த மருந்தே ஆளை முடிச்சிடும். டிரம்முல என்ன இருந்தது? பேர் சொல்லுங்க."

"கொஞ்சம் நேரம் கொடுங்கய்யா" என்றார் சார்.

"பெரியவர் தாங்குவார். இன்னொருத்தருக்கு நேரம் அதிகமில்லை."

நான் பழக்கதோஷத்தில் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு டிரம்மை நோக்கிப் போனேன். "தொடாதே!" என்று ஒரு சத்தம். அருளப்பன் சார் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கிட்டக்கூடப் போகாத. இங்கேயிருந்து படி."

அதற்குள் ஏழுமலையின் மனைவி மங்கா வந்துவிட்டாள். காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். விஷயம் யாரோ சொல்லி, வேலை பார்த்த கையோடு ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"நைனா, குட்ச்சிட்டு வுயுந்துட்டான்னு சொல்லிக்கினு போறான் அந்தப் போலீசு. குடிக்கிற ஆளுதான், நான் இல்லேங்கல. ஆனா இன்னிக்கி குடிக்கல. கஞ்சி ஊத்திக் குட்த்து அனுப்பிச்சவ நானு. எனக்குத் தெரியாதா?"

"நீ ஆஸ்பத்திரிக்குப் போம்மா. அவன் பக்கத்துல இரு. நாங்க இங்க அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் சார்.

அவள் எங்களையும் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தாள். உயிருக்குப் போராடுகிறவனை விட்டுவிட்டு ஒரு இரும்பு டிரம்மை வெறித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேரைப் பார்த்து என்ன நினைத்தாளோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

சார் பலகையில் அந்த ஐந்து எழுத்தை எழுதினார். முன்னும் பின்னும் இடம் விட்டார். "கூப்பிடு" என்றார்.

"SECTION."

"அப்புறம்?"

"SECTIONAL."

"அப்புறம்?"

"INTERSECTION. DISSECTION."

"அப்புறம்?"

ஐந்து எழுத்துக்குப் பின்னால் வருவதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வளைவு என்னை O, O என்று இழுத்துக்கொண்டே போனது. பிறகு அதை விட்டுவிட்டு, S-க்கு முன்னால் A-யிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலானவை வாயிலேயே நுழையவில்லை. N-க்கு வந்தபோது நின்றேன். NSECT. அதற்கு முன்னால் ஒரு I.

மலேரியா ஒழிப்புக்காரர்கள் எங்கள் தெருவில் மருந்தடிக்க வரும்போது அவர்களுடைய டின்னில் பார்த்த வார்த்தை அது.

"INSECTICIDE, சார். பூச்சிமருந்து."

அவர் 'அப்புறம்' என்று கேட்கவில்லை. பலகையைப் பார்த்தபடி, "இப்ப வெளிய அனுப்பு" என்றார்.

எழுத்துகளுக்குக் கீழே சாய்சதுரக் குறி ஒன்று பாதி அழியாமல் இருந்தது. அதன் மேல் முனை T-யைத் தொட்டுக்கொண்டிருந்தது. குறி அடிக்கிறவர்கள் வார்த்தையின் நடுவைச் சாய்சதுரத்தின் முனைக்கு நேராக வைப்பது வழக்கம். அப்படியானால் T நடு எழுத்து. DISSECTION போயிற்று. INTERSECTION போயிற்று. SECTIONAL போயிற்று. SECTION? எண்ணிப் பார்த்தேன். T-க்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. நடுவில் T. INSECTICIDE? இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. நடுவில் அதே T.

இரண்டு பேரும் போக மாட்டேன் என்று நின்றார்கள். ஒருவர் சொல்படி ஏழுமலை தின்னர் குடித்த திருடன். இன்னொருவர் சொல்படி நஞ்சு ஏறிய தொழிலாளி.

கடைசி வளைவு உதவவில்லை. தகட்டில் வெட்டிய O இரண்டு பாதியாகத்தான் விழும். அதன் இடது பாதியும் C-யும் அழிந்த நிலையில் ஒன்று போலவே இருந்தன. சார் கதவுப் பக்கம் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தார். பிறகு, வெளியே நின்றிருந்த லாரியின் டிரைவரைக் கூப்பிட்டு, "உன் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழட்டிக் கொடுப்பா" என்றார். டிரைவர் ஒன்றும் புரியாமல் கழற்றிக் கொடுத்தான்.

சார் கதவருகில் வெயிலில் நின்று, கண்ணாடியால் வெளிச்சத்தை வாங்கி, டிரம்மின் பக்கவாட்டில் படுகிற மாதிரி சாய்த்து அடித்தார். நேர் வெளிச்சத்தில் வெறும் கறுப்பாக இருந்த இடம் மெல்ல மாறியது. வெயிலிலும் உப்பிலும் வெளுத்த கறுப்புக்கு நடுவே, ஒரு காலத்தில் வெள்ளை மை மூடியிருந்த இடம் மட்டும் புதுக் கறுப்பாக மின்னியது. S-க்கு இடது பக்கம் ஒன்றுமே இல்லாவிட்டால் SECTION. நான் அந்த இடத்தையே பார்த்தேன். ஒரு நெட்டுக்கோடு. அதிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு கோடு. மறுபடி ஒரு நெட்டுக்கோடு. அதற்கும் இடது பக்கத்தில், தனியாக, இன்னொன்று.

"N இருக்கு சார். முன்னாடி I இருக்கு."

"ம்" என்றார்.

சார் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டர், "நிச்சயமா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. எதையும் நிச்சயம் என்று சொல்லிப் பழகாத மனிதர் அருளப்பன் சார். "நிச்சயம்யா. பூச்சிமருந்து. சொன்னது ஷெட் மாஸ்டர் அருளப்பன்னு எழுதிக்குங்க. தப்பா இருந்தா நான் பதில் சொல்றேன்" என்றார். அந்தப் பக்கம் ரிசீவர் பட்டென்று வைக்கப்பட்டது.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். சார் உட்காரவில்லை. டிரம் முதலில் நின்றிருந்த இடத்தில் தரையில் பரவியிருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம்?" என்றார். என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. "இதுக்குப் பக்கத்துல என்ன அடுக்கியிருந்தது?"

மைதா மூட்டைகள். காலையில்தான் ஒரு வண்டி வந்து கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. டோல்கேட் பக்கத்தில் உள்ள ரொட்டிக் கடைக்கு.

அந்த லாரியிலேயே ஏறிப் போனேன். கண்ணாடியில்லாத லாரி. வழியெல்லாம் டிரைவர் தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்து ஓட்டினான். ரொட்டிக் கடை முதலாளி தொட்டிக்கு முன்னால் நின்று, மாவு பிசைந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"மாவுல பூண்டு வாசன அடிக்குது, இன்னாத்தடா போட்டேன்னு கேட்டா முழிக்கிறான் சார்" என்று என்னிடமே முறையிட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். பிசைந்தவரைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். முதலாளி தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிசைந்த மாவு தொட்டி நிறையப் பொங்கி நின்றது. பிறகு, "சாயங்காலம் பள்ளிக்கூடம் வுட்டா, புள்ளைங்கோ நேரா இங்கதான் சார் ஓடியாரும், பன்னு வாங்க" என்றார். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடியில் ஈரம் கண்ட மூட்டையையும் மாவையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பிசைந்தவருக்குத் தலைவலியோடு போயிற்று.

மாலையில் சாரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழுமலை முகமெல்லாம் சிவந்து, வாய் உலர்ந்து, மருந்தின் வேகத்தில் ஏதேதோ உளறிக்கொண்டிருந்தான். கண் பாப்பா இப்போது அகல விரிந்திருந்தது. டாக்டர் களைத்துப் போய் நின்றிருந்தார். "பிழைச்சுக்குவார்" என்றார். அடுத்த கட்டிலில் காதர் எழுந்து உட்கார்ந்து சாருக்கு சலாம் சொன்னார். மங்கா எங்களைப் பார்த்ததும், "குட்ச்சான்னு எழுதினத அட்ச்சிட்டாங்கோ நைனா" என்றாள். உயிர் பிழைத்ததைவிட அதைத்தான் முதலில் சொன்னாள். அதன் பிறகுதான் அழுதாள்.

எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பல நாள் அப்படித்தான் இருந்தது. ஷெட்டில் யார் வந்தாலும் SECTI-யின் கதையைச் சொல்வேன். பலகையில் எழுதிக் காட்டுவேன்.

ஏழுமலை தேறி வேலைக்குத் திரும்பியபோது ஆள் இளைத்திருந்தான். எங்கள் ஓரத்துக்கு வந்து, "ரைட்டர் சார், இன்னாமோ எழுத்த வெச்சிக் கண்டுபுட்ச்சியாமே, காட்டு" என்றான். நான் ஆசையோடு அவனை உட்கார வைத்து முழுவதும் சொன்னேன். ஐந்து எழுத்து, சாய்சதுரம், இரண்டு வார்த்தைக்கும் நடுவில் நிற்கும் T, கண்ணாடி வெளிச்சத்தில் மின்னிய N. அவன் கன்னத்தில் கைவைத்துக் கவனமாகக் கேட்டான். முடிந்ததும் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரிய வேலதான் சார்" என்றான். "ஆனா ஒண்ணு. எயுத்து அயிஞ்சி பூட்டதால உனக்குத் தெரியாம பூட்ச்சி. அத்தினியும் முயுசா இருந்திருந்தாலும் நான் அந்த டிரம்மக் கட்டித்தான புட்ச்சிருப்பேன்? எனுக்கு எல்லாமே ஊமைதான?"

அதில் கோபமோ குத்தலோ இல்லை. உள்ளதைச் சொன்னான். எழுந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டான். அத்தனை வருடம் அந்த ஷெட்டில் எத்தனை எழுத்துகளுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றைச் சுமந்து இறக்கியவர்களுக்கு அவை எல்லாம் வெறும் கறை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. மேஜையிலிருந்த அருளப்பன் சார் தலை நிமிரவில்லை. ஆனால் அவருடைய பேனா நின்றிருந்தது.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் அவர் எல்லாரையும் கூப்பிட்டு, வழக்கமான அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார். இனிமேல் எங்கள் ஷெட்டில் ரைட்டர் சரக்கின் மேலிருப்பதைத் தமிழில் உரக்கப் படித்துச் சொன்ன பிறகுதான் ஆள் கை வைக்க வேண்டும். படிக்க முடியாததை யாரும் தொடக் கூடாது. நேரம் வீணாகிறது என்று மேலேயிருந்து முணுமுணுத்தார்கள். அவர் ஓய்வுபெறும்வரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குப் பிறகு நானும் விடவில்லை.

முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏலம் போடுகிறவன் மாதிரி ஷெட் நடுவில் நின்று, "ஆணி! பால் பவுடர்! தையல் மிஷின்!" என்று கத்தினேன். ஆட்கள் சிரித்தார்கள். அடுத்து ஓர் அகலமான மரப்பெட்டி. ஏழுமலை அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இது இன்னா போட்டுக்கீது?"

"கண்ணாடி. மெதுவா எடுக்கணும்."

"மெதுவான்னு அவனே போட்டுக்கிறானா, நீயா சொல்றியா சார்?"

"அவனே போட்டிருக்கான். இதோ பார், இந்த வரி பூரா அதுதான்."

ஏழுமலை குனிந்து அந்த வரியை விரலால் முதலிலிருந்து கடைசிவரை தடவிப் பார்த்தான். "பரவால்ல" என்றான். பிறகு காதரைப் பார்த்துத் தலையசைத்தான். இருவரும் பெட்டியை மெதுவாகத் தூக்கினார்கள்.